ஊசி போட்டும் ஏறாத ரத்தம்

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விடிகாலை பஸ்ஸில் அம்மாவும் மகளும் மதுரைக்குக் கிளம்பிவிடுவார்கள். 58 வயது அம்மாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ்.

முடியும்போது ஓர் ஊசி போடுவார்கள். எரித்ரோபொய்டின். ரத்த சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோன். இதைச் சுரப்பதே சிறுநீரகம்தான். அது பழுதானால் ஊசியாகத்தான் போட வேண்டும். 1989-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதன்பிறகுதான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றும் அவஸ்தை குறைந்தது.

ஆனால், அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.5-ஐத் தாண்டவே இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மகள் மாதுளையும் பேரீச்சையும் வாங்கி வந்தாள். "பொட்டாசியம் ஏறிடும், இதயத்துக்கு ஆபத்து" என்று நர்ஸ் தடுத்துவிட்டார்.

"டோஸைக் கூட்டிடலாமே டாக்டர்?"

"கூட்டிக்கிட்டே போனா பி.பி. எகிறும், பக்கவாதம்கூட வரலாம். ஏன் ஏறலைன்னு முதல்ல பார்ப்போம்மா. ஊசி கொத்தனார் மாதிரி. செங்கல் இல்லாம சுவர் எழும்புமா? இரும்புச்சத்துதான் செங்கல். ஒவ்வொரு டயாலிசிஸ்லயும் டியூப்ல கொஞ்சம் ரத்தம் தங்கிப் போயிடும். அதுல இரும்பும் போயிடும். பல பேருக்கு இரும்பை நரம்பு வழியா ஏத்தினாலே சரியாயிடும்."

அம்மாவின் ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்தது. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகம். ரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவு.

"செங்கல் இருக்கு, குடோன் பூட்டியிருக்கு. உடம்புல எங்கேயாவது தொற்று இருந்தா, கல்லீரல் ஹெப்சிடின்னு ஒண்ணைச் சுரந்து இரும்பை வெளியே விடாது."

காய்ச்சல் இல்லை. ஊசி குத்தும் கையும் நன்றாகவே இருந்தது. கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார் டாக்டர். கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தை, ஈறில் சீழ்.

"எத்தனை நாளா வலிக்குது?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை. "ஒரு வருஷமா... எனக்காக வேலையையே விட்டுட்டா. இதுக்கும் அலைய வைக்கணுமான்னு..."

டயாலிசிஸ் இல்லாத நாளில் பற்களை எடுத்தார்கள். மூன்றாம் மாதம், அதே டோஸில் 9.8.

எல்லோருக்கும் காரணம் பல்லாகவே இருக்காது. டயாலிசிஸ் போதாமை, வயிற்றில் மெல்லிய ரத்தக்கசிவு, பி12 குறைவு, பாராதைராய்டு கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். தேடினால்தான் தெரியும். தேட வேண்டுமென்றால், நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகள் கேட்கும் முதல் கேள்வி, "வேற எங்கேயாச்சும் வலிக்குதாம்மா?"

அம்மா மறைக்காமல் சொல்கிறார்.