தேக்காவில் ஒரு தேறல்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்பு நண்பனுக்கு,

குன்னூரில் ஒரு காலை உன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேனே, நினைவிருக்கிறதா? வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்துத் தேநீர். நீ கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாய். "இதுல புகை பட்டிருக்கு" என்றாய். எனக்கு எல்லாமே தேநீராகத்தான் தெரிந்தது. நேற்று மாலை அதே வேலையை நான் இங்கே செய்தேன். கோப்பையில் இருந்தது பார்லிவைன்.

பெயரில் வைன் இருந்தாலும் இது பீர்தான். திராட்சை ஒன்றுகூடக் கிடையாது. முளைகட்டிய பார்லியில் இருந்து வரும் சர்க்கரையை மிகக் கெட்டியாக எடுத்துப் புளிக்கவைத்து, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கிடத்திவைத்துக் குடிப்பது. சாதாரண பீரில் ஆல்கஹால் 5 விழுக்காடு என்றால் இதில் 8 முதல் 12 வரை. வைனுக்குக் கிட்டத்தில் நிற்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரில் பாஸ் ஆலை தன் முதலாம் எண் ஏலுக்கு இந்தப் பெயரைச் சூட்டி விற்றது. 1975இல் சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹாப்ஸ் பூவின் கசப்பைக் கூட்டியது. இங்கிலாந்தில் டார்செஸ்டர் ஆலை ஒன்று, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இறந்த 40ஆம் ஆண்டை முன்னிட்டு 1968இல் அவர் பெயரிலேயே ஒன்றை வடித்தது. அவர் தன் நாவல் ஒன்றில் அந்த ஊர் பீரை வர்ணித்திருந்த விதம்தான் காரணமாம். ஒரு நாட்டில் எழுத்தாளனுக்கு இப்படியும் நினைவுச்சின்னம் எழுப்புகிறார்கள்.

சித்தப்பா மகன் இங்கே பொறியாளராக இருப்பது உனக்குத் தெரியும். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் வீடு. சித்தியும் மன்னார்குடியை விட்டு இங்கேயே வந்துவிட்டார். லிட்டில் இந்தியா என்பது சுற்றுலாக்காரர்களுக்கு. நம் ஆட்கள் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். அது ஹொக்கியன் சீனச் சொல், மூங்கில் அடி என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே மூங்கில் புதர்கள் இருந்தனவாம். இந்த மூங்கிலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

தம்பி வீட்டிலேயே பீர் வடிக்கிறான். இங்கே சட்டம் அதற்கு இடம் தருகிறது: ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது, சாராயம் போலக் காய்ச்சி வடிக்கவும் கூடாது. அவன் ஒரு தடவைக்கு 10 லிட்டர்தான் எடுக்கிறான். சாதாரண பீருக்கு அந்த அளவுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் மால்ட் போதும், பார்லிவைனுக்கு ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. நொறுக்கிய மால்ட்டை 65 டிகிரிச் சூட்டு நீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. நம் வீடுகளில் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி வைத்தால் இனிப்பாக இருக்குமே, அதே சங்கதி. வடித்த சாற்றை மூன்று மணி நேரம் கொதிக்கவிடுகிறான். அடியில் பாகு லேசாக முறுகும். ஆறவிட்டு ஈஸ்ட்டைச் சேர்த்தபின்தான் இந்த ஊரோடு அவனுக்குச் சண்டை தொடங்குகிறது. வெளியே பெரும்பாலும் 30 டிகிரிக்குப் பக்கம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்து, தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். அதற்காகப் பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி 18 டிகிரியில் பூட்டிவைத்திருக்கிறான். முதலில் சாற்றின் அடர்த்தி 1.100, புளித்து முடிந்தபோது 1.025. கணக்குப் போட்டால் 10 விழுக்காட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

அந்தப் புட்டிகளுக்கு இப்போது பதினான்கு மாத வயது. அதில் ஒன்றைத் திறந்து மதிப்பெண் போடத்தான் நேற்று கூடினோம்: பீர் நடுவர்களுக்கான தேர்வு எழுதித் தேறிய அவனுடைய சீன நண்பர், தம்பியின் மனைவி, நான். வடித்தவன் தன் சரக்குக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது என்பதால் தம்பி ஊற்றிக்கொடுப்பதோடு சரி. சித்தி ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மிக்சர் கிடையாது. உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும்.

மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. நிறத்தைப் பார்த்து மயங்குகிற நம் கண்ணுக்கு மூன்றே மூன்றுதான் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. உன் தேநீர் மேசையைப் போல இங்கே துப்புவதில்லை. தொண்டையில் இறங்கும்போதுதான் கசப்பு முழுதாகத் தெரியும் என்று விழுங்குகிறார்கள். 330 மில்லி புட்டி மூன்று பேருக்கு. ஜில்லென்றும் கொடுக்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, பானைத் தண்ணீரைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் குவளையில் செம்பு நிறமாக இறங்கியது. நுரை மெலிசு. சுழற்றினால் குவளையின் சுவரில் எண்ணெய் போல வழிந்து இறங்கியது.

மூக்கை வைத்தேன். என்னவோ தெரிந்தது, ஆனால் எழுதச் சொல் வரவில்லை. நண்பர் மளமளவென்று எழுதிக்கொண்டு போனார்: டாஃபி, ரெய்சின், ஷெர்ரி. நான் வாழ்நாளில் ஷெர்ரி குடித்ததில்லை. அவர் தாளைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதுவது பொய் சொல்வதாகாதா? பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இங்க குடு" என்று குவளையை வாங்கினார்.

சித்தி குடிக்கிறவர் இல்லை. முகர்ந்து பார்த்ததோடு சரி. "அதிரசத்துக்குப் பாகு வெக்கிறப்போ பதம் தப்பி ஒரு நிமிஷம் கூட விட்டுட்டா ஒரு வாசனை வருமே, அது" என்றார். மறுபடி முகர்ந்தார். "பேரீச்சம்பழம். அடியில பழம்புளி. ரெண்டு வருஷத்துப் புளி, கறுத்துப் போயிருக்குமே." நான் எழுதத் தொடங்கினேன், நண்பா. கருப்பட்டிப் பாகு, முறுகல். பேரீச்சை. பழம்புளி. அதன்பிறகு வாயில் ஊற்றினால் எல்லாம் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தன. முதலில் இனிப்பு, நாக்கின் நடுவில் கனமாக. பிறகு நெல்லிக்காய் போல ஒரு துவர்ப்பு. அடுத்து ஹாப்ஸின் கசப்பு, வேப்பம்பூ ரசத்தின் கசப்பு போல, வந்து நிற்காமல் போய்விடும். கடைசியில் நெஞ்சுக்குழியில் சூடு.

சித்தி மூன்றாம் முறை முகர்ந்தபோது முகம் சுருங்கியது. "நனைஞ்சு காஞ்ச அட்டைப்பெட்டி வாடை இருக்குடா. லேசா." தம்பி அதை நண்பருக்குச் சொன்னான். அவர் பேசாமல் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். அதே குறையை ஏற்கெனவே குறித்துவைத்திருந்தார். பீரில் காற்று பட்டுப் பழசானால் வரும் வாடை அது. சென்ற ஆண்டு குளிர்பெட்டி பழுதாகி, ஒரு மாதம் புட்டிகள் அலமாரியில் இந்த ஊர்ச் சூட்டில் கிடந்தனவாம். தம்பி அதுவரை எங்களிடம் சொல்லவில்லை.

நான் 38 போட்டிருந்தேன். தம்பியின் மனைவி 33, நண்பர் 31. இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவர்கள் பேசி நெருங்கிவர வேண்டும். நண்பர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சூடு நெஞ்சில் தெரிந்ததா, தொண்டையில் தெரிந்ததா?" இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். நெஞ்சில் இதமாகப் பரவியது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் தொண்டையில் ஒரு கமறல், மிளகாய் வறுக்கிற அடுக்களைக்குள் நுழைந்தது போல. பாசத்தில் அதை விட்டுவிட்டிருக்கிறேன். மூவரும் 33இல் நின்றோம். 30 முதல் 37 வரை அந்தத் தாளில் 'மிக நன்று'.

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மான்செஸ்டரின் ஜே. டபிள்யூ. லீஸ் ஆலை 1986 முதல் வடிக்கிற ஹார்வெஸ்ட் ஏலைத் திறந்தார்கள். 11.5 விழுக்காடு. ஆல்கஹால் கூடுதல், ஆனால் கமறலே இல்லை. சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதப்பது போல அந்தப் பலம் இனிப்புக்குள் ஒளிந்திருந்தது. பலமும் காட்டமும் வேறுவேறு என்று அந்த ஒரு மிடறில் புரிந்தது. இதன் விலையைக் கேட்டால் நீ திட்டுவாய். இங்கே வரி ஆல்கஹாலின் அளவுக்குத்தான்: தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 சிங்கப்பூர் வெள்ளி கலால், இறக்குமதி பீர் என்றால் மேலும் 16 வெள்ளி சுங்கம். 330 மில்லி கொண்ட 10 விழுக்காட்டு இறக்குமதிப் புட்டி ஒன்றுக்கு வரியே இரண்டரை வெள்ளி ஆகிவிடுகிறது.

சித்தி சொன்ன சொற்களை இரவு படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். குடியைப் பற்றிப் பேச நம்மிடம் இன்று இரண்டு பேச்சுகள்தான் புழங்குகின்றன, ஏசுவது அல்லது பீற்றிக்கொள்வது. எத்தனை குடும்பங்கள் அதில் அழிந்தன என்று எனக்கும் தெரியும், நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் இந்த மொழி இதைக் கவனமாகப் பார்த்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது வடிக்கும் முறையே இருக்கிறது: குற்றாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைத்த தானியம்! மால்ட் என்று ஐந்து கிலோ பை வாங்கி வந்து தம்பி செய்வதன் வேர் அதுதானே. கிடத்திவைப்பதும் இருக்கிறது. கபிலர் பாடிய பறம்பு மலையில் மதுவை மண்ணில் புதைத்து முதிரவைத்தார்கள். மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் விளைகிறது. தெளிந்ததற்குத் தேறல் என்றே தனிப்பெயர். மூங்கில் அடி என்று பெயர் கொண்ட ஊரில் படுத்துக்கொண்டு இதை நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஊருக்கு நம் ஆட்கள் வந்த காலத்தில் இருந்தது கள்ளுக்கடை. கூலியில் ஒரு பகுதி அங்கே போனது. இங்குள்ள தமிழர் சீர்திருத்தச் சங்கமும் அதை முன்நின்று நடத்திய கோ. சாரங்கபாணியும் கள்ளை எதிர்த்து நின்றது சரியே, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இன்று ஞாயிறு. மதியம் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் நடந்தேன். வாரம் முழுக்கக் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் புல்லில் உட்கார்ந்து வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 2013 டிசம்பர் 8இல் நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்து, கலவரம் மூண்டது இங்கேதான். குடியும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. 2015 ஏப்ரலில் வந்த சட்டப்படி சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை இந்த வட்டாரத்தில் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. நாங்கள் நேற்று மாலை குடித்தது அதே வட்டாரத்தில், அதே நேரத்தில், ஒரு வீட்டின் நாலு சுவருக்குள். சுவர் இருந்ததால் சரி. அந்தப் புல்லில் இருந்த ஒருவருக்கும் இங்கே சொந்தச் சுவர் கிடையாது. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புதுக்கோட்டைப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தேன். நேற்றைய கதையைச் சொன்னேன். "ஒரு புட்டிய மூணு பேரு ஒரு மணி நேரம் மோந்து பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டான். வியப்பாகத்தான் கேட்டான். தாங்கள் வாங்குவது ஸ்ட்ராங் டப்பா, சீக்கிரம் ஏற வேண்டும், ஏனென்றால் தங்கும் விடுதிக்குத் திரும்பி விடிகாலை வேலைக்குப் போக வேண்டும் என்றான். பிறகு, "அதுல என்னண்ணே வாசம் வந்துச்சு?" என்றான். கருப்பட்டிப் பாகு, பழம்புளி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அம்மா தை மாதம் கருப்பட்டி போட்டுப் பணியாரம் சுடுவாராம்.

வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். தம்பி ஒரு புட்டியில் தேதி எழுதி எனக்கென்று குளிர்பெட்டியில் ஒதுக்கிவைத்திருக்கிறான், மூன்று ஆண்டுக்குத் திறப்பதில்லை என்று பேச்சு. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் ஆலையில் இலை வாட்டும் கொட்டகையில் அம்மாக்கள் வேலை செய்கிறார்களே, இலை சரியாக வாடினால், அதிகம் புளித்தால், சூடு கூடினால் வரும் ஒவ்வொரு வாசனைக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதி அனுப்பு. சித்தி சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், இருபத்துமூன்று சொல் சேர்ந்திருக்கிறது.

உன்,
பழைய அறைத்தோழன்