பின்னவலயில் ஒரு பகல்

 

விடுமுறையில் பிள்ளைகளுடன் பார்த்துவர ஏற்ற இடம் ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இறப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த கேகாலை மாவட்டத்தில், மகா ஓயா ஆற்றங்கரையில் இருக்கிறது பின்னவல. கொழும்பு - கண்டி வீதியில் கேகாலை நகரைத் தாண்டியதும் இடப்புறம் பிரியும் பாதையில் செல்ல வேண்டும். ரயிலில் வருவோர் றம்புக்கனை நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் பஸ்ஸில் வரலாம்.

இங்குள்ள யானைகள் அநாதை இல்லம் 1975ல் தொடங்கப்பட்டது. தாயை இழந்தும், கிணற்றிலும் குழியிலும் விழுந்தும் தவித்த குட்டிகளை வளர்க்கவே இது ஏற்பட்டது. 1978ல் தேசிய மிருகக்காட்சிசாலைத் திணைக்களம் பொறுப்பேற்றது. 1984ல் இங்கேயே முதல் குட்டி பிறந்தது. 2021 ஆகஸ்டில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றது. அருகிலேயே 2015ல் பரந்த தோட்டமாக ஒரு மிருகக்காட்சிசாலையும் திறக்கப்பட்டுள்ளது. சிறுத்தை, மான், முதலை முதலியவற்றை மரஞ்செடிகளின் நடுவே அங்கு காணலாம்.

காலையிலும் பிற்பகலிலும் யானைக் கூட்டம் வீதியைக் கடந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகும் காட்சியைத் தவற விடாதீர்கள். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கிலோ தழை வேண்டும். தென்னோலை, கித்துல், பலா இலை என்று வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிறார்கள்.

மக்தபில் ஓதும் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் சூரத்துல் ஃபீல் மனப்பாடம். ஆனால் இங்கே காணும் யானை கஃபாவை இடிக்க வந்த படையின் யானையல்ல. மனிதன் செய்த அநியாயத்தைச் சுமந்து நிற்கும் யானை. துப்பாக்கிச் சூட்டில் கண் பார்வை இழந்த ராஜா என்ற யானையும், போர்க் காலத்தில் கண்ணிவெடியில் முன்கால் பாதத்தை இழந்த சாமா என்ற குட்டியும் இங்கே பராமரிக்கப்பட்டவை. சில யானைகளின் கால்களில் சங்கிலியும் உண்டு. அதைக் கண்டதும், "வாயில்லா ஜீவன்களை இப்படி அடைத்து வைப்பது கூடுமா, வாப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பூனையை அடைத்து வைத்து, அதற்கு உணவும் கொடாமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் சென்றதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அக்குழந்தையிடம் அன்போடு விசாரித்தார்கள். வளர்ப்பதைத் தடுக்கவில்லை. எனவே உணவும் நீரும் கொடுத்து, துன்புறுத்தாமல் வளர்ப்பது ஆகும் என்று உலமாக்கள் சட்டம் எடுத்தார்கள்.

பூனையின் ஹதீஸில் இரண்டு வழிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, உணவளிப்பது, மற்றொன்று, விட்டுவிடுவது. பின்னவல முதல் வழி. இரண்டாவது வழியையும் இதே மாகாணத்தின் எல்லையில் காணலாம். ஊவாவைத் தொட்டு நிற்கும் உடவளவையில் 1995ல் ஏற்பட்ட யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையத்தில், அநாதைக் குட்டிகளுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டி, வளர்ந்ததும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மனிதரோடு பழகிவிடக் கூடாது என்பதற்காகப் பார்வையாளர்கள் தூரத்தில்தான் நிற்க வேண்டும். காட்டில் வாழ முடிந்ததைக் காட்டுக்கு அனுப்புவதும், கண்ணும் காலும் இழந்ததைக் காப்பதும் ரஹ்மத்தே. சுகமாக உள்ளதை வேடிக்கைக்காகவே கட்டி வைத்தால்தான் கேள்வி எழுகிறது.

திரும்பும் வழியில் மாவனல்லைப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. மரத்தில் ஏறும் மிளகுக் கொடி, கறுவாப் பட்டை, கராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் செடியிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1344ல் இங்கு வந்த இப்னு பதூதா கரையோரத்தில் கறுவா குவிந்து கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். மாவனல்லை முஸ்லிம்கள் வாழும் ஊர். தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் சிரமமில்லை.

ஒரு வேண்டுகோள். டிக்கெட் வாங்கிவிட்டோம் என்று மிருகங்களைச் சீண்டாதீர்கள், கல்லெறியாதீர்கள், பிளாஸ்டிக் பைகளை வீசாதீர்கள். பூமியில் நடப்பனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆன் அறிவிக்கிறது. அவை நம்மிடமுள்ள அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.