180 ரூபாய் ஃப்யூஸ்

எங்க அப்பா டாக்ஸி ஓட்டுறவர். ராத்திரி சவாரி முடிச்சுட்டு வெறும் வண்டியா திரும்பும்போது தூக்கம் வராம இருக்க அவருக்கு ரெண்டே துணை: டீ, இளையராஜா. ஆனா வண்டியில இருந்த கம்பெனி ஸ்டீரியோவுல கொஞ்சம் சத்தம் வெச்சாலே தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கும். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல ஒரு ஆம்ப் மாட்டிடலாம்னு முடிவு பண்ணேன்.

பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்காதீங்க. இதுவும் கணக்குதான்.

நிறைய ஸ்டீரியோ மேல '50 வாட் x 4'னு போட்டிருக்கும். அந்த 50 எங்கிருந்து வருது? வண்டி ஓடும்போது பேட்டரி லைன்ல சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 4-ஆல வகுத்துப் பாருங்க, 51.84. அது ஒரு கணம் உச்சத்துல தொடுற அளவு. தொடர்ந்து சுத்தமா வர்றது சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். முதல்ல சொன்னது மொத்த விற்பனை, இது நிகர லாபம்! அதனால ஆம்ப் வாங்கும்போது பெட்டி மேல பெருசா இருக்கிற நம்பரை விட்டுட்டு, ஆர்.எம்.எஸ்.னு சின்னதா இருக்கிறதைப் பாருங்க. நான் வாங்கினது 4 சேனல், ஒவ்வொண்ணும் 50 வாட் ஆர்.எம்.எஸ். கூடவே அதைத் தாங்குற ஸ்பீக்கர்.

ஸ்டீரியோவை மாத்த வேண்டாம். ஸ்பீக்கருக்குப் போற வயரையே வாங்கிக்கிற ஹை லெவல் இன்புட் ஆம்புல இருந்தாப் போதும். கடையில ஒரு மணி நேரத்துல மாட்டிக் கொடுத்துட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா வீட்டுக்கு வர்ற வழியில ஊரை ரெண்டு சுத்து சுத்தினார்!

ரெண்டு நாள் கழிச்சு பாட்டுக்குள்ள ஒரு 'ஙொய்ய்ய்' சத்தம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினா அதுவும் ஏறுது. சீட்டுக்கு அடியில பாத்தா, எர்த் வயரை பெயிண்ட் மேலயே முடுக்கி வெச்சிருக்காங்க. பெயிண்டைச் சுரண்டி வெறும் தகரத்துல முடுக்கினேன், சத்தம் போச்சு. அந்தத் தெம்புல பானெட்டைத் திறந்து பவர் வயரையும் பாத்தேன்.

பேட்டரி பக்கத்துல ஃப்யூஸே இல்லை.

கடைக்குப் போன் போட்டா, "ஆம்புலயே ஃப்யூஸ் இருக்கே தம்பி"ன்னாங்க. இருக்கு. ஆனா அது காப்பாத்துறது ஆம்பை. பேட்டரிலேர்ந்து சீட்டு வரைக்கும் வர்ற 4 மீட்டர் வயரை யார் காப்பாத்துறது? நடுவுல எங்கயாவது அது பாடியில உரசினா கரண்ட் ஆம்ப் ஃப்யூஸ் வரைக்கும் வரவே வராது. கார் பேட்டரி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் பழுத்துடும். சாவியை எடுத்துட்டாலும் அந்த வயர்ல கரண்ட் இருந்துகிட்டேதான் இருக்கும்.

வயரைத் தடவிக்கிட்டே போனேன். எஞ்சின் பக்கத்துலேர்ந்து உள்ள நுழையுற தகர ஓட்டையில ரப்பர் புஷ் இல்லை. அதோட விளிம்பு அறுத்து, வயர்ல செம்பு தெரியுது!

அப்பா ஏர்போர்ட் டிராப் போனா, அடுத்த சவாரி வரைக்கும் அந்த வண்டிக்குள்ளதான் தூங்குவார். நான் ஆசையா வாங்கிக் கொடுத்த வயருக்குப் பக்கத்துல. அதை நினைச்சதும் கை நடுங்கிடுச்சு.

முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டினேன். புது வயர், ஓட்டைக்கு ரப்பர் புஷ், பேட்டரி பக்கத்துல 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஹோல்டரோட 180 ரூபாய். இன்சூரன்ஸ் பிரீமியம் வீண் செலவுன்னு சொல்றவங்களைப் பாத்து வகுப்புல சிரிச்சிருக்கேன். இங்க நானே கட்டாம விட்டிருக்கேன்.

அப்பா டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னார். "என்னடா பண்றே?"

"எர்த் சரியில்லைப்பா."

பாதி உண்மை. மீதியை இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

உங்க வீட்டு வண்டியில ஆம்ப் இருந்தா ஒரு தடவை பானெட்டைத் திறங்க. பேட்டரி பிளஸ்லேர்ந்து ஆம்புக்குப் போற வயரைச் சாண் போட்டுப் பாருங்க. ரெண்டு சாணுக்குள்ள ஃப்யூஸ் இருக்கணும். இல்லைன்னா பாட்டு அப்புறம், முதல்ல கடைக்குக் கிளம்புங்க.