கண்ணை மூடச் சொல்வதில்லை

மனவிழிப்புப் பயிற்சி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கண்ணை மூடுவதும் மூச்சைக் கவனிப்பதும்தான். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் என்னிடம் வரும் பையன்களை இரண்டையும் செய்யச் சொல்வதில்லை. பாதிப் பேர் ரோஹிங்கியா அகதிகள். மற்றவர்கள் உள்ளூர்த் தமிழ்ப் பையன்கள், கூடவே ஒன்றிரண்டு இந்தோனேசியர்கள். ஜெலுத்தோங் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு ஃபுட்சால் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். பேச்சு மலாயில்தான். ரோஹிங்கியாக்களுக்கு நான் அபாங், தமிழ்ப் பையன்களுக்கு அண்ணே.

மூச்சை ஏன் தொடுவதில்லை? அந்தமான் கடலைக் கடத்தல்காரர்களின் படகில் கடந்து வந்தவர்கள் இவர்களில் உண்டு. அடித்தளத்தில் ஒருவர்மேல் ஒருவராக நாள்கணக்கில் கிடந்தவனை "உள்மூச்சைப் பின்தொடர்ந்து போ" என்றால், அவன் போய்ச் சேரும் இடம் அமைதி அல்ல. 2015 மே மாதம் பெர்லிஸ் எல்லையில், வாங் கெலியான் காட்டுக்குள், கடத்தல் முகாம்களுக்குப் பக்கத்தில் 139 புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பாதையில் அண்ணனையோ மாமனையோ இழந்த குடும்பங்கள் இந்தத் தீவிலும் பெருநிலத்திலும் வாழ்கின்றன. பட்டர்வொர்த் பெர்ரியில் பயிற்சி வைக்கலாமே, காற்றும் அலையும் நன்றாக இருக்குமே என்று புதிய தன்னார்வலர்கள் ஆசையாகக் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். இவர்களில் சிலருக்குக் கடல் காட்சிப் பொருள் அல்ல.

அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியே காயத்தைக் கிளறிவிடலாம் என்று டேவிட் டிரெலீவன் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். அகதிகளோடு வேலை செய்பவர்கள் அதைப் படித்தால் நல்லது. ஆனால் பினாங்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இன்று உலகெங்கும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நடக்கும் இந்தப் பயிற்சிகளின் முக்கிய வேர்களில் ஒன்று பர்மாவில் இருக்கிறது. மஹாசி சயாடோவின் முறை அங்கிருந்துதான் பரவியது. இந்தியாவுக்கு 1969இல் விபாசனாவைக் கொண்டுவந்த கோயங்கா மாண்டலேயில் பிறந்தவர். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979இல் மருத்துவமனைக்குள் கொண்டுபோன வடிவத்திலும் அந்த மரபின் சாயல் உண்டு. பினாங்கிலேயே புலாவ் திக்குஸ் பர்மா லேனில் 1803இல் எழுந்த பர்மியக் கோயில் இருக்கிறது; மஹாசி முறையைக் கற்றுத்தரும் தியான மையமும் இருக்கிறது. இரண்டின்மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்தப் பையன்கள் ஓடிவந்ததும் அதே பர்மாவிலிருந்துதான். காவி உடுத்தவர்கள் சிலர் தங்களுக்கு எதிராக ஊரைத் தூண்டிவிட்டதை அவர்களின் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். ஆகவே மணி அடிப்பதில்லை, சம்மணமிடச் சொல்வதில்லை, ஊதுவத்தி கிடையாது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது நீரின் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொல்லலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. அவர்களுடைய வழிபாட்டை எடுத்து என் பயிற்சிக்குக் கருவியாக்க எனக்கு என்ன உரிமை?

இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே நிற்பதில்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். இவர்களைப்போல் கவனிப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு அறைக்குள் நுழைந்ததும் எத்தனை கதவு, எது பின்பக்கம் திறக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். தெருமுனையில் நிற்கும் வேன் குடிநுழைவுத் துறையுடையதா இல்லையா என்பது எனக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரியும். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டும் 180,000 பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ரோஹிங்கியாக்கள். கையில் இருக்கும் யூஎன் கார்டு வேலை செய்யும் உரிமையைத் தராது, அரசுப் பள்ளியில் இடம் தராது. அதைப் பார்த்துவிட்டு விடுவதா பிடிப்பதா என்பது எதிரில் நிற்கும் அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. எனவே அந்தப் பையனின் பயம் வெறும் மனப்பிரமை அல்ல. அவன் கவனம், ஷிப்ட் மாற்ற ஆளே வராத ஜாகாவைப்போல் இரவு பகலாக வாசலில் நிற்கிறது. அந்த ஜாகாவுக்குக் கொஞ்ச நேரம் உட்கார ஒரு நாற்காலி போட்டுத் தரலாம். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நடைமுறையில் அது மிகச் சாதாரண விஷயங்கள். கதவு திறந்தே இருக்கும். சுவரில் முதுகு சாய்க்க விரும்புபவன் சாய்ந்துகொள்வான். காலணியைக் கழற்றிவிட்டுத் தரையின் சூட்டைப் பாதத்தில் பார்க்கிறோம். பிறகு வெளியே கேட்கும் சத்தங்கள்: மோட்டார் சைக்கிள், பக்கத்து மாமாக் கடையில் ரொட்டிச் சானாய் அடிக்கும் ஓசை, தூரத்துப் பாங்கு. ஒருவன் ஒரு சத்தத்தைச் சொன்னால் அடுத்தவன் வேறொன்றைச் சொல்லவேண்டும். உள்ளே போகாமல் வெளியே பார்ப்பதுதான் எங்கள் தொடக்கம். யாராவது தூங்கிவிட்டால் எழுப்பக்கூடாது என்பது கறாரான விதி. சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்கு மீன்பெட்டி தூக்குபவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அதற்குப் பிறகு பேசாத பந்தாட்டம். ஆட்டத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. "பாஸ்" என்று கத்த முடியாது, கை தட்ட முடியாது. பந்தை அனுப்பும் முன் வாங்குபவனின் கண்ணைப் பார்த்தாகவேண்டும். பார்க்காமல் அனுப்பினால் பந்து எதிரணிக்கு. முதல் சில ஆட்டங்கள் மகா மோசமாக இருக்கும். தமிழ்ப் பையன்கள் தமிழ்ப் பையன்களுக்கே அனுப்புவார்கள், ரோஹிங்கியாக்கள் ரோஹிங்கியாக்களுக்கே. கத்தி விளையாடும்போது தெரியாத அந்தப் பிரிவினை வாய் மூடியதும் பளிச்சென்று தெரிந்துவிடும். யாரும் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை. தோற்கிற அணிதான் முதலில் மாறும். வலது ஓரத்தில் எப்போதும் தனியாக நிற்கும் அந்த ஒல்லிப் பையன் யாரும் பார்க்காததால்தான் தனியாக நிற்கிறான் என்று ஒருவனுக்கு உறைக்கும். அவன் கண்ணைப் பார்ப்பான். பந்து போகும். கதவை எண்ணிப் பழகிய கண்களுக்குத் திடலின் காலி இடங்கள் எவ்வளவு சீக்கிரம் புலப்படுகின்றன என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். அந்த ஆட்டத்தில் ரோஹிங்கியாக்கள் கற்றுக்கொடுப்பவர்கள்.

உண்மையில் இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவது உள்ளூர்ப் பையன்களுக்குத்தான் என்பது என் கட்சி. 2020 ஏப்ரலில், கோவிட் முடக்க நேரத்தில், ரோஹிங்கியாக்களுக்கு எதிராக இணையத்தில் வெறுப்பு கொட்டியபோது, அதைப் பகிர்ந்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் ரஜுலா கப்பலில் வந்திறங்கியவர்கள். குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய பாட்டிகள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இருவர் இருவராக உட்கார்ந்து கேட்கும் பயிற்சி: ஒருவன் இரண்டு நிமிடம் பேசுவான், மற்றவன் தலையாட்டக்கூட வேண்டாம், கேட்டால் போதும். படகைப் பற்றியோ ஊரைப் பற்றியோ கேட்க அனுமதி இல்லை. முதலாளி, காதல், கைப்பேசி, பசி என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். ஒருமுறை ஒரு தமிழ்ப் பையன் தன் பாட்டியின் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொன்னான். எதிரில் இருந்தவன் விதியை மீறி, தன் பர்ஸிலிருந்து யூஎன் கார்டை எடுத்துக் காட்டினான். நான் தடுக்கவில்லை.

நிதி தருபவர்களுக்கு மதிப்பெண் வேண்டும்: மன அழுத்தம் எத்தனை சதவீதம் குறைந்தது? படிவத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சம்பளத்தை முதலாளி அமுக்கிக்கொண்டதால் வரும் அழுத்தம் குறைந்துவிட்டால் அது யாருக்கு லாபம்? "உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்" என்ற வாசகத்தை நான் திடலில் சொல்வதே இல்லை. ஏற்கக்கூடாத பல விஷயங்கள் இவர்கள் வாழ்க்கையில் உள்ளன. நெஞ்சு படபடப்பதைத் தரையில் கால் ஊன்றி அடக்கலாம். சம்பளப் பாக்கியை அப்படி வாங்க முடியாது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

முன்பெல்லாம் ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு முடியும். ரோஹிங்கியாக்கள் கடைசி அரைமணி நேரம் சரியாக ஆடமாட்டார்கள். களைப்பு என்று நானும் நினைத்தேன். ஒருநாள் ஒரு தமிழ்ப் பையன் வந்தான். "அண்ணே, அவனுங்க எட்டரைக்கு மேல ரோட்டையேதான் பாக்குறானுங்க. திரும்பிப் போறப்போ ரோட் பிளாக் இருக்குமோன்னு பயம். ஆட்டத்த நாலு மணிக்கு மாத்துனா என்ன?" அவனுக்கு ஞாயிறு மாலை துணிக்கடையில் பகுதிநேர வேலை. முதலாளியிடம் பேசி அதைக் காலைக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். மற்ற தமிழ்ப் பையன்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். நான்கு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே ஆடுவது கொடுமைதான். அந்த நேரத்தில் வேறு யாரும் எடுப்பதில்லை என்பதால் திடல்காரர் வாடகையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மிச்சப்படும் பணத்தில் ஐஸ் வாங்குகிறோம்.