பின்னால் வருபவருக்கு ஒரு வார்த்தை

குன்னூருக்குக் காரில் கிளம்பிவிட்டீர்களா? புளியஞ்சாதம், தயிர்சாதம், கம்பளிச் சட்டை எல்லாம் ஏற்றியாயிற்றா? ரொம்ப சந்தோஷம். வண்டியைக்கூட முன்கூட்டியே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பிரேக்கைப் பழுது பார்த்து வாங்கியாயிற்று. இனி என்ன கவலை என்கிறீர்களா? கவலையே அங்கேதான் இருக்கிறது!

மேட்டுப்பாளையத்தில் ஒரு நிமிஷம் ஓரங்கட்டுங்கள். இந்த ஊர் சுமார் 1,000 அடி உயரம். குன்னூரோ 6,000 அடி. நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாற்றுக்கு மேலே ரயிலே பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது! மாலையில் மூடுபனி கவிந்தால், பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் காரில் தெரிவது சிவப்பு விளக்கு மட்டுமே. "நிற்கப் போகிறேன், ஐயா!" என்று அவரிடம் சொல்வது பிரேக் விளக்குதான். அது ஊமையானால், உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

ஆகவே, ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். இன்னொருவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பல்பைப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. மங்கலான இழை இரவு விளக்குக்கு, பிரகாசமானது பிரேக்குக்கு. ஒன்று எரிகிறதே என்று மற்றதை நம்பாதீர்கள்.

பிரேக்கை மிதித்தால் வேறு விளக்கு மினுக்குகிறதா? நசுங்கலை எடுத்துப் பெயிண்ட் அடித்தபோது எர்த் கம்பியைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம்.

எல்லாமே எரியவில்லையா? முதலில் பியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் வேறு போடுங்கள். அதுவும் போனால், எங்கோ கம்பி உரசுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸாகப் போட்டு அதை ஏமாற்றப் பார்த்தால் கம்பியே தீப்பிடித்துக்கொள்ளும்!

பியூஸ் நன்றாயிருந்தால், பிரேக் மிதியின் மேற்புறம் இருக்கும் குட்டி ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். பிரேக் வேலை செய்தவர் அதன் கம்பியைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்திருப்பார். அல்லது அது இடம் பெயர்ந்திருக்கும். பெயர்ந்த ஸ்விட்சினால் விளக்கு ஓயாமல் எரிவதும் உண்டு. அப்படியானால் விடிவதற்குள் பாட்டரி காலி!

திரும்பி இறங்கும்போது இன்னொரு விஷயம். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பிரேக்கைத் தொடாதவரை விளக்கு எரியாது. வளைவுக்கு முன்பே லேசாக மிதித்துப் பின்னால் வருபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மேட்டுப்பாளையம் வரை காத்திருக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் கூலியை எண்ணிக் கொடுக்கும் முன்பே, "கொஞ்சம் பிரேக்கை மிதியுங்கள், அண்ணே!" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நில்லுங்கள். அரை நிமிஷ வேலைதான். பிறகு பர்லியாரில் பழம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது ஒன்றுதான் உங்கள் பொறுப்பு!