இராணித்தீவின் திரைச்சீலைகள்

ஸ்டொக்ஹோம் நகரசபை மண்டபத்தின் அருகேயுள்ள துறையில் நாம் ஏறிய படகு, மேலாரன் ஏரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மெல்ல ஊர்ந்து, ஓர் அரண்மனையின் முன்றிலிலே எம்மை இறக்கிவிட்டது. ட்ரொட்னிங்ஹோம் என்பது அவ்விடத்தின் பெயர். சுவீடிய மொழியில் 'இராணித்தீவு' என்று பொருள்படும். உடன் வந்தோரிற் பெரும்பாலார் அரண்மனையை நோக்கி விரைந்தனர். நாம் தேடி வந்ததோ, அதன் அயலிலே ஆரவாரமின்றி நிற்கும் பழைய நாடகசாலையை.

முன்னிருந்த நாடகசாலை 1762இல் தீக்கிரையாயிற்று. பின்னர் இராணி லொவிசா உல்ரிக்காவுக்காக அடெல்கிரான்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் 1766இல் இதனைக் கட்டி முடித்தார். உள்ளே சலவைக்கல் என்று நாம் வியந்தவை, வர்ணம் தீட்டிய மரமும் சாந்துமே; சித்திர வேலைப்பாடுகள் சில வெறுங் கடதாசிக்கூழ். ஒருமுறை தட்டிப் பார்க்க விரல் துடித்தது. வழிகாட்டிய அம்மையார் கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

மேடையில் ஒரு கானகம் விரிந்திருந்தது. இரு மருங்கிலும் சோடி சோடியாக நிற்கும் தட்டிகள், பின்னே செல்லச் செல்ல உயரத்திற் குறைகின்றன. மேடைத் தளமோ பின்புறம் சற்றே உயர்கின்றது. முடிவில் தொங்கும் பின்திரை, காதவழித் தூரத்தைக் காட்டுகின்றது. ஆயின் நடிகர் அந்தத் தூரத்துக்குப் போகலாகாது. போனால், நெடுமரம் அவர் தோளளவே நிற்கும்!

ஓரமாக நின்று ஒரு தட்டியை அணுகிப் பார்த்தபோது எமக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. இலை ஒன்றையேனும் காணோம். அள்ளித் தெளித்தாற்போற் சில பச்சைத் தீற்றல்கள், அவற்றினிடையே மண்ணிறக் கோடுகள். பத்துப் பாகம் விலகி நின்றோம், இலைகள் தளிர்த்தன. திரை எழுதுவோன் தன் கண்ணை நம்பி எழுதுவதில்லை, தூரத்தில் அமர்ந்திருப்பவன் கண்ணையே நம்பி எழுதுகின்றான்.

ஐரோப்பியக் கண்டத்து வழக்கப்படி, பெருந்துணியை நிலத்தில் விரித்து, வச்சிரமும் சீமைச்சுண்ணாம்பும் பூசி முதலிற் படிய வைப்பர். சிறு படத்திற் கட்டங்கள் கீறி, அவற்றைப் பெருப்பித்து, நீண்ட கோலின் நுனியிற் கட்டிய கரியினால் உருவரைவர். பின்னர் எம்மூர்த் தும்புக்கட்டை போல நெடும்பிடி கொண்ட தூரிகையுடன் துணிமீதே நடந்து தீட்டுவர். வர்ணப்பொடியைக் குழைப்பதும் வச்சிர நீரிலேதான். அது ஆறினால் உறையும், ஆதலால் இளஞ்சூட்டிலேயே வைத்திருத்தல் வேண்டும். பசை மிஞ்சினால் வர்ணம் வெடிக்கும். குறைந்தால் மாவாய் உதிரும். ஈரத்திற் கருமையாய்த் தெரிவது, உலர்ந்தபின் பெரிதும் வெளிறிவிடும். உலர்ந்தபின் எவ்வாறு இருக்குமென்பதை மனத்திற் கொண்டே நிறம் கலத்தல் வேண்டும். இவற்றோடு மெழுகுவர்த்தியின் தொல்லையும் உண்டு. அதன் மஞ்சளொளியில் நீலம் மங்கும், இளமஞ்சள் வெள்ளையாய்த் தோன்றும்.

எம்மூர்க் கொட்டகைகளிலே தெருச் சீன், காட்டுச் சீன், தர்பார்ச் சீன் என்று சுருளவிழ்ந்து இறங்கிய திரைகள் நினைவுக்கு வந்தன. பார்சி நாடகக் குழுக்களின் வழியாக நம்மவர் கற்ற அந்த முறைக்கு மூலம், இத்தகைய ஐரோப்பிய மேடையே. அத்திரைகளில் ஒன்றையேனும் இன்று எம் பிள்ளைகளுக்குக் காட்ட எம்மிடம் இல்லை. மழையும் கறையானும் தின்றவை போக, எஞ்சியவற்றைப் பழந்துணியென்று நாமே கழித்துவிட்டோம்.

இங்கே தப்பியதும் எவருடைய முன்யோசனையாலும் அன்று. நாடகப் பித்தனான மன்னன் மூன்றாம் குஸ்தாவ், 1792இல் ஒரு முகமூடி நடனவிழாவிற் சுடப்பட்டு மாண்டான். அதன்பின் இக்கட்டடம் பெரும்பாலும் கவனிப்பாரற்று, பண்டங்கள் அடுக்கும் அறையாய்க் கிடந்தது. 1921இல் ஆக்னே பெயர் என்னும் அறிஞர் ஓர் ஓவியத்தைத் தேடி உள்ளே நுழைந்தபோது, தட்டிகளும் திரைகளும் தூசியின்கீழ் இருந்தன. கயிறுகளை மாற்றியதும் பழைய பொறிகள் இயங்கின. மறு ஆண்டே மேடை மீண்டும் திறக்கப்பட்டது. கீழறையிலுள்ள பெரிய உருளையை ஆட்கள் சேர்ந்து சுற்ற, கானகம் விலகி அரண்மனை வந்து நிற்பதற்குச் சில நொடிகளே செல்லும்.

18ஆம் நூற்றாண்டின் காட்சித் தொகுதிகள் 30 அளவில் எஞ்சியுள்ளன. ஆனால் உரசினால் உதிரும் அவற்றை இன்று நாடகத்துக்குத் தொங்கவிடுவதில்லை. பார்த்தெழுதிய பிரதிகளே மேடையேறுகின்றன. நாம் கண்ட கானகமும் அத்தகையதே என்று அம்மையார் கூறியபோது, எமக்குச் சற்று மனக்குறை உண்டாகாமலில்லை. பின்னர் வேறோர் எண்ணம் தோன்றியது. பிரதி எழுதுபவர் எந்தப் பச்சையைக் குழைப்பார்? இருநூறு ஆண்டுகளில் வெளிறி எஞ்சிய பச்சையையா, அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இராணி கண்ட பச்சையையா? அதைக் கேட்க வாயெடுக்குமுன் படகின் ஊதல் கேட்டது.