பாலைப்பழக் காலம்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் எனக்கு இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கட ஊர் கதிரவெளியின் ஞாபகம் கூடிவிடும். அது பாலைப்பழக் காலம். கிழக்கே கடல், வடக்கே வெருகல் ஆறு, தெற்கே பனிச்சங்கேணிக் களப்பு. மேற்கே போனால் காடுதான். கரடியும் பழத்துக்கு வரும் என்று அம்மம்மா வெருட்டுவா. பிறகு அவவே ஓலைப்பெட்டியோடு முன்னால் நடப்பா. மஞ்சள் பழம், உள்ளே பால். கொஞ்சம் தின்றதும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதோடு சிவந்த வீரைப்பழம். 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளை அடியோடு சாய்த்தபோதும் பாலைகள் நின்றதை அவ சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன்.

1990இல் யுத்தம் எங்களைக் கடல் கடத்தியது. தமிழ்நாட்டில் கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாம்தான் வீடானது. ஊர்ச் செய்திகள் அங்கேதான் வந்து சேர்ந்தன. 2004இல் சுனாமி. 2006 நவம்பர் 8, எங்கட ஊர் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்களுக்காக அழுதோம், வீடுகளுக்காக அழுதோம். காட்டை நினைத்து அழ எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

முகாமுக்குக் கிட்ட, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஓர் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. சாமிக்குரியது என்று ஊர் விட்டுவைத்ததால் தப்பியது. முதல் தரம் உள்ளே போனபோது வீரையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். வாடையோடு வரும் மாரி மழைதான் இரண்டு கரைக்கும் உயிர். அதனால் காடும் ஏறக்குறைய ஒரே காடு.

தெற்கே சற்றுத் தூரத்தில் ஆரோவில் என்ற சர்வதேசக் குடியிருப்பு. 1968இல் அது மரமற்ற செம்மண் மேடு; மழைக்கு மண் கரைந்து கடலுக்குப் போகும். வந்து குடியேறியவர்களும் பக்கத்துக் கிராமத்தவர்களும் வரப்புக் கட்டி நீரை மறித்தார்கள். முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு எஞ்சியிருந்த கோயில் காடுகளில் விதை பொறுக்கி, பாலை, வீரை, கருங்காலி என்று நாற்று வளர்த்து அந்த நிழலில் நட்டார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது அக்கேசியாக்கள்தான் அதிகம் விழுந்தன. இந்த மண்ணின் மரங்கள் பெரும்பாலும் தாங்கின. அம்மம்மா சொன்னதைத்தான் புயலும் சொன்னது.

அங்கே நடந்து திரியும்போதெல்லாம் எனக்குச் சந்தோசத்தோடு ஒரு வலியும் வரும். மண்ணின் காட்டை இப்படி மீட்கும் வேலை ஏன் எங்கட ஊரில் இல்லை? தேக்கும் யூக்கலிப்டசும் வரிசையாக நட்டால் அது காடாகாது. கரடிக்கும் குருவிக்கும் அதில் தின்ன ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் சப்போட்டா ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பாலையைத்தான் வளர்க்கிறார்கள். அப்படியிருக்க, அதை மரமாகவே வளர்க்க ஏன் முடியாது? மெள்ளத்தான் வளரும், உண்மை. நட்டவரின் பேரப்பிள்ளைகள்தான் பழம் தின்பார்கள்.

கதிரவெளியிலும் பக்கத்து வாகரையிலும் இருக்கிற தம்பி தங்கச்சிமாரே, இந்தக் கச்சானில் பாலைப்பழம் தின்றால் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். கழுவி, நாளாக்காமல் பையில் ஊன்றுங்கள். ஒரு வருடம் தண்ணீர் விட்டு வளர்த்து, அடுத்த மாரி தொடங்கும்போது நடுங்கள். கோயில் வளவிலும் பள்ளிக்கூட வளவிலும் தொடங்கலாம். ஆடு மாடு கடிக்காமல் வேலி மட்டும் கட்டாயம் போடுங்கள்.